பின்வாசல் மனுஷி

"நாங்க சமாளிச்சுக்கறோம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னது யாரு? நானா? உன் வாய்தானே சொல்லிச்சு."

"சமாளிச்சுக்கறோம்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். தெருவே சேர்ந்து தாங்குதுன்னு கேக்கைத் தூக்கிட்டு வந்து அளந்து விட்டது யாரு?"

"கேக்குல என்னடி குத்தம்?"

"கேக்குல ஒண்ணும் குத்தமில்ல. கொஞ்சம் காஞ்சு போயிருந்துச்சு, அவ்வளவுதான்."

அந்தப் பள்ளத்தாக்கில் ஒருத்தியின் மகனைத் திருடன் என்று சொன்னால்கூட அடுத்த வாரம் பேச்சுவார்த்தை வந்துவிடும். அவள் சுட்ட இஞ்சிக் கேக் காய்ந்திருக்கிறது என்று சொன்னால் வராது. பெரிலின் கழுத்து சிவந்து, சிவப்பு காதுவரைக்கும் ஏறியது. ஹோல்ம் தெருவின் ஜன்னல்களில் வெள்ளைத் திரைகள் மீன் செவுள் மாதிரி லேசாகத் திறந்து மூடின. மழை பெய்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததால் எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

இரண்டு பெண்களுக்கும் நடுவே, வாசல்படியில், எர்னி நின்றுகொண்டிருந்தான். பெரிலுக்கு அண்ணன், தெல்மாவுக்குப் புருஷன். காலில் வீட்டுக்குள் போடும் கம்பளிச் செருப்பு. யாரோ இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள், நமக்கென்ன என்பதுபோல மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மழை வருது அம்மணிகளே, உள்ள வந்து பேசலாமே" என்றான்.

"நீ உள்ள போ எர்னி" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். சண்டையில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான்.

காலையில் வந்த தொலைபேசிதான் காரணம். வயதானவர்களைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்கிற, எர்னி வியாழன்தோறும் போகிற ஆற்றங்கரைப் பகல் மையத்தை மூடப் போகிறார்கள். ரொம்பவும் முடியாதவர்களுக்கு மட்டும் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் மையத்தில் இடம் உண்டு. மற்றவர்களை இனி குடும்பமும் அக்கம்பக்கமும் பார்த்துக்கொள்ளும், அதுதான் புது ஏற்பாடு. நகர கவுன்சில் பெண் வந்து பார்த்துவிட்டுப் போனதில் எர்னி 'மற்றவர்கள்' பக்கம் விழுந்துவிட்டான். அதாவது தெல்மாவின் வியாழக்கிழமை போய்விட்டது.

"சரி கண்ணு, கேக்கை விடு" என்றாள் பெரில். அங்கே கடைக்காரர், பஸ் டிரைவர், பல் டாக்டர் எல்லோரும் எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் பெரில் சொன்னால் கல் எறியப் போகிறாள் என்று அர்த்தம். "எங்கண்ணனை அவ்வளவு முடியாதவன்னு சொல்றியே, தினம் சாயங்காலம் அவனைத் தனியா விட்டுட்டு, கோட்டை மாட்டிக்கிட்டு முன்வாசல் வழியா எங்க போற நீ? தெருவே பாக்குது. நீ போற நேரம் பாத்துப் பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் குப்பைத் தொட்டியை இழுத்துக்கிட்டுப் பின்சந்துக்கு வர்றதையும் பாக்குது. ஒரு தனிக்கட்டைக்கு அப்படி என்னதான் குப்பை சேருமோ தினம்?"

தெல்மா எர்னியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பதில் இல்லாத கேள்வி கிடைத்தால் ஹோல்ம் தெருவுக்கு ஒரு வாரத்துக்குச் சாப்பாடே வேண்டாம்.

அந்தத் தெரு வீடுகள் ஒன்றன் தோளோடு ஒன்று ஒட்டிக்கொண்டு மேட்டில் ஏறுகிறவை. முன்பக்கம் தெரு, பின்பக்கம் ஒரு முற்றமும் அதற்கப்பால் கல் பாவிய பின்சந்தும். முன்வாசல் பாதிரியாருக்கு, டாக்டருக்கு, கவுன்சில்காரர்களுக்கு, சவப்பெட்டிக்கு. சொந்தபந்தமும் பக்கத்து வீட்டாரும் பின்வாசல் வழியாகத் தட்டாமல் நுழைவார்கள். யாராவது சொந்தக்காரர் முன்கதவைத் தட்டினால், யார் செத்தது என்று கேட்டுக்கொண்டேதான் திறப்பார்கள்.

எர்னிக்கு எல்லாம் மறந்துகொண்டு வந்தது. கீழே இருந்த செருப்பு ஆலையில் காலமெல்லாம் கம்பளி வெட்டியவன். ஆலை மூடியது மறந்துவிட்டது, வெட்டும் கை மட்டும் மறக்கவில்லை. மேஜைவிரிப்பை மடக்கி, கட்டை விரலால் அளந்து, இல்லாத கத்தியால் வெட்டிக்கொண்டிருப்பான். ஆனால் இந்த வாசல் கணக்கு மட்டும் அவனுக்கு மறக்கவே இல்லை. முன்வாசலில் வருகிறவர் விருந்தாளி, முதுகை நிமிர்த்தி, 'வாங்க, உக்காருங்க' சொல்ல வேண்டும். பின்வாசலில் வருகிறவர் நம் ஆள், திட்டலாம், அழலாம்.

கவுன்சிலிலிருந்து நஸ்ரீன் என்ற அந்தப் பெண் முதல்முறை வந்தபோது இதுதான் நடந்தது. ஆள் வருகிறது என்று தெரிந்த உடனே தெல்மா செய்தது, அந்தத் தெருவில் எவளும் செய்திருக்கக்கூடியதுதான். படிக்கட்டைத் தேய்த்து வெளுப்பாக்கினாள். திரைகளைத் துவைத்துத் தொங்கவிட்டாள். எர்னியைத் தேய்த்துக் குளிப்பாட்டிச் சவரம் செய்து டை கட்டிவிட்டாள். அதற்குள் அவளுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது, முன்கையில் ஒரு புதுக் கன்றிப்போன தடம் வேறு. முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டாள். ஈர மெத்தையைப் பின்முற்றத்துக்கு இழுத்துத் தார்ப்பாய் போட்டு மூடினாள். வெளியாள் வரும்போது வீடு நாறக் கூடாது, அவ்வளவுதான் அவள் எண்ணம். அந்த நாற்றத்தைப் பார்க்கத்தான் அந்தப் பெண் வருகிறாள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

நஸ்ரீன் முன்வாசல் வழியாக வந்தாள். எர்னி எழுந்து நின்று கைகுலுக்கினான். பால் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டான். "எங்க ஆலைச் செருப்பைப் போட்டு நடக்காத ராஜா உண்டா? ராத்திரி கிரீடத்தைக் கழட்டினா எங்க செருப்புதான்!" என்று அவனுடைய பழைய நகைச்சுவையை எடுத்துவிட்டான். நஸ்ரீன் சிரித்துவிட்டாள்.

"எப்படிப் பாத்துக்கறீங்க மிசஸ் கிரிம்ஷா? ரொம்பக் கஷ்டமா இருக்கா?"

"சமாளிச்சுக்கறோம்."

"உங்களை அடையாளம் தெரியுதா அவருக்கு?"

"தெரியாம?" என்றாள் தெல்மா.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரில் இஞ்சிக் கேக்கோடு நுழைந்து, "இந்தத் தெருவுல யாரையும் தனியா விட மாட்டோம் கண்ணு, எல்லாருமா சேர்ந்துதான் பாத்துக்கறோம்" என்றாள். சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு டெஸ்மண்டும், "நானும் ஒரு கண்ணு வெச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்தான். பழைய பஸ் டிரைவர், பெண்டாட்டி இல்லாதவன். அவன் கண் வைத்திருந்தது உண்மைதான், ஆனால் எர்னிமேல் இல்லை.

நஸ்ரீன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை என்றால் தெல்மாவுக்கு என்ன என்று தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. மையத்து வண்டி எர்னியை ஏற்றிக்கொண்டு போனதும் அவள் சந்தைக்குப் போவாள். பட்டாணிக் கடையில் ஒரு கோப்பை வேகவைத்த கறுப்புப் பட்டாணி, மேலே நிறைய வினிகர். பலகையில் உட்கார்ந்து கடைசிப் பட்டாணிவரைக்கும் சாப்பிடுவாள். நடுவில் எழுந்து ஓட வேண்டாம். அப்புறம் மேட்டு முனைக்குப் போகிற பஸ்ஸில் மாடியில் ஏறி உட்கார்ந்து தூங்கிவிடுவாள். கடைசி நிறுத்தத்தில், ஆட்டைத் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில், டிரைவர் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு அவளை எழுப்பாமலே திரும்பக் கொண்டுவந்து விடுவான். அவ்வளவுதான் அவளுடைய உல்லாசம். அந்த ஒரு தூக்கத்தை வைத்து மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்கால நடை வேறு விஷயம்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தால் எர்னிக்கு ஒரு பரபரப்பு வரும். தெல்மாவைப் பார்த்து, "நேரமாச்சே, நீங்க இன்னும் கிளம்பலையா? உங்க வீட்டுக்காரர் காத்துக்கிட்டு இருப்பாரே" என்பான். முதல்நாள் அவள், "எர்னி, நான்தான் தெல்மா" என்றாள். அவன் பயந்துபோய் மூலையில் ஒடுங்கிக்கொண்டான். "தெல்மா வர்ற நேரம். முன்பின் தெரியாத பொம்பளை வீட்டுல இருந்தா என்ன நினைப்பா?" என்று கெஞ்சினான். அன்றைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே போனாள். தெருக்கோடி சுற்றி, பின்சந்தில் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே நடந்து, முற்றக் கதவைத் திறந்து பின்வாசலில் நுழைந்தாள்.

"வந்துட்டியா தெல்மா" என்றான் எர்னி. முகம் விளக்குப் போட்டது மாதிரி ஆகிவிட்டது. "இப்பதான் போனா, என்னைப் பாத்துக்கக் கவுன்சில் அனுப்பற பொம்பளை. நல்லவதான். ஆனா நீ இல்லாம வீடு வீடா இல்ல."

அன்றிலிருந்து மழையானாலும் பனியானாலும் தினமும் அந்தச் சுற்று. பின்சந்தில் டெஸ்மண்ட் எதிர்ப்பட்டால் 'குளிரு' என்பான், இவளும் 'குளிருதான்' என்பாள். தெரு கட்டிய கதைக்கெல்லாம் முதல் அவ்வளவே.

கட்டிய புருஷனுக்குத் தான் யாரென்று தெரியவில்லை என்பதை யாரிடம் சொல்வது? வீட்டுக்குள் வேலைக்காரியாகவும், வாசல் சுற்றி வந்தால் பெண்டாட்டியாகவும் இருப்பதை? பெரிலிடம் சொன்னால் பெரில் அழுவாள், அழுதுவிட்டு இறைச்சிக் கடை வரிசையில் நின்று சொல்வாள்.

சண்டைக்கு மறுநாள் தெல்மா கொடியில் விரிப்புகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். டெஸ்மண்ட் சுவருக்கு மேலே தலையை நீட்டினான்.

"மறுபடி வந்து பாக்கச் சொல்லிக் கேளு தெல்மா. கேட்டா வருவாங்க."

"வந்து?"

"முடியலைன்னு சொல்லு."

"அது வாயில வர மாட்டேங்குது டெஸ்மண்ட்."

"சின்ன வார்த்தைதானே."

"நீ சொல்லு பாப்போம். பெரிலைப் பிடிச்சிருக்குன்னு. அதுவும் சின்ன வார்த்தைதான்."

டெஸ்மண்டின் தலை சுவருக்குக் கீழே போய்விட்டது.

ஆனாலும் தெல்மா தொலைபேசி செய்தாள். நஸ்ரீன் வருகிறேன் என்றாள், சலித்துக்கொள்ளவில்லை. வரும்வரை தெல்மா பின்கட்டில் கெட்டிலைப் பார்த்து ஒத்திகை பார்த்தாள். "முடியலை. எனக்கு முடியலை." கெட்டில் கொதித்தது. எர்னி உள்ளே இருந்து, "யாரோ அங்க முடியலைன்னு சொல்றாங்க, போய்ப் பாருங்க" என்றான்.

நஸ்ரீன் வருகிற அன்று தெல்மா மனதைக் கல்லாக்கிக்கொண்டு எதையும் துடைக்காமல் விட்டாள். திரை அழுக்கு, அப்படியே. மெத்தை ஈரம், அப்படியே. காலையில் முன்கதவைத் திறந்து பார்த்தால் படி பளபளவென்று வெளுப்பாக இருந்தது. ஓரத்தில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர்கூட இன்னும் காயவில்லை. எதிர்வீட்டில் பெரிலின் திரை அசைந்தது. மன்னிப்புக் கேட்க பெரிலுக்குத் தெரிந்த ஒரே பாஷை அது. தன் வயதுக்கு முட்டி போட்டுத் தேய்த்திருக்கிறாள், பாவி.

தெல்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உள்ளே எர்னியோ, படி வெளுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "யாரோ வர்றாங்க போல" என்று தானே டையைத் தேடிக்கொண்டிருந்தான். மறுபடி எழுந்து நிற்பான், கைகுலுக்குவான், ராஜா செருப்பு நகைச்சுவை சொல்வான். தன் வாயிலோ அந்தச் சின்ன வார்த்தை வராது. எல்லாம் போன தடவை மாதிரியே முடியும்.

முன்கதவு தட்டப்பட்டது. தெல்மா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"ஆமா, நேரமாச்சு, நீங்க கிளம்புங்க" என்றான் எர்னி. "நான் போய்க் கதவைத் திறக்கறேன்."

"நான் போற வழியில பாத்துக்கறேன்" என்றவள், ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் கதவைத் திறந்து தான் வெளியே வந்து சாத்திக்கொண்டாள். நஸ்ரீன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கால் படியில், ஒரு கால் தெருவில்.

"மிசஸ் கிரிம்ஷா, எங்க வெளிய கிளம்பிட்டீங்களா?"

"என்கூட வா கண்ணு. இந்த வழி வேண்டாம்."

இரண்டு பேரும் தெருக்கோடி சுற்றினார்கள். தூறல். பின்சந்தின் கல்லில் பாசி வழுக்கியது. முற்றக் கதவருகே வந்ததும் நஸ்ரீன், "எங்க வீட்டுலயும் பின்வாசல்தான்" என்றாள். "எங்கப்பாவும் கீழ ஆலையிலதான், ராத்திரி வேலை. முன்வாசல்ல வந்தா எங்கம்மா திட்டும்."

"அப்ப உனக்குச் சொல்ல வேண்டியதில்ல" என்றாள் தெல்மா.

முற்றத்தில் கொடி நிறைய விரிப்புகள் மழையில் இரண்டாம் முறை நனைந்துகொண்டிருந்தன. ஈர மெத்தை தார்ப்பாய் இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்தது. பின்கட்டில் துவைக்கும் இயந்திரத்துக்குள் கத்திகளும் கத்தரிக்கோலும் ஒளித்துவைத்திருந்தன. அடுப்பில் தீயைத் திருப்பும் குமிழ்கள் இல்லை. அவை தெல்மாவின் ஏப்ரன் பையில் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. நஸ்ரீன் அந்தப் பையைப் பார்த்தாள். தெல்மா கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு கெட்டிலை எடுத்தாள். நஸ்ரீன் அந்தக் கன்றிப்போன கையையும் பார்த்தாள்.

"தெல்மா!" எர்னி ஓடிவந்தான். பாதி கட்டிய டை. "எங்கடி போயிருந்த? எவ்வளவு நேரம்! அந்தப் பொம்பளை இப்பதான் போனா." அவனுக்கு அழுகை வந்துவிட்டது. முன்வாசல் விருந்தாளிகள் யாரும் பார்த்திராத அழுகை, குழந்தை மாதிரி, மூக்கு ஒழுக.

"எந்தப் பொம்பளை எர்னி?" நஸ்ரீன் மெதுவாகக் கேட்டாள்.

பின்வாசலில் வந்தவள் ஆனதால் அவளும் நம் ஆள்தான் அவனுக்கு. "கவுன்சில் அனுப்பறாங்கல்ல, அவதான். காலையில வந்து தேய்ச்சுக் குளிப்பாட்டறா. குளிருது, விடுன்னா விட மாட்டா. ஒரு நாளு அடிச்சுட்டேன் அவளை." குரலைத் தாழ்த்தினான். "கையில. பலமா. அவ ஒண்ணுமே சொல்லல. தெல்மாகிட்ட சொல்லிடாதீங்க, அவளுக்குப் பிடிக்காது."

நஸ்ரீன் தெல்மாவைப் பார்த்தாள். "மிசஸ் கிரிம்ஷா, இந்த வீட்டுக்கு நாங்க யாரையும் அனுப்பலையே."

"அனுப்பல" என்றாள் தெல்மா, கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே. "அது நான்தான்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கெட்டில் நிறைந்து வழிந்தது. நஸ்ரீன் எட்டி மூடினாள்.

"எப்பலேர்ந்து?"

"குளிர்காலத்துலேர்ந்து. முன்வாசல்ல போயி பின்வாசல்ல வந்தா, நான் நானாயிடறேன். கொஞ்ச நேரத்துக்கு."

பின்கதவில் ஒரு நிழல். பெரில், கையில் துணி மூடிய தட்டு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை, போதுமான நேரம்தான்.

"பெரில்" என்றான் எர்னி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கேக்கா? காஞ்சு போயிருக்கா இந்தத் தடவையும்?"

யாரோ ஒருவர் சிரித்தார். தெல்மாதான். சிரிப்பு நிற்காமல் வேறொன்றாக மாறிக்கொண்டே போனது. பெரில் தட்டை வைத்துவிட்டு அவள் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அன்னைக்குச் சொன்னேனே கண்ணு," என்றாள் நஸ்ரீனிடம், கல் எறியாத 'கண்ணு', "தெருவே சேர்ந்து பாத்துக்குதுன்னு. ஞாயித்துக்கிழமை ஒரு கேக். அவ்வளவுதான் தெரு. அதை எழுதிக்க."

நஸ்ரீன் எழுதிக்கொண்டாள். மேலே உள்ளவர்களிடம் சண்டையும் போட்டாள் என்று கேள்வி. கொஞ்ச நாளில் தொலைபேசி வந்தது. எர்னிக்கு மலைக்கு அந்தப் பக்கத்து மையத்தில் ஒரு நாள் கிடைத்துவிட்டது. வண்டி வராது, நாமேதான் கொண்டுபோய் விட வேண்டும்.

"வியாழக்கிழமை கேட்டுப் பாத்தேன், இல்லைன்னுட்டாங்க" என்றாள் நஸ்ரீன். "செவ்வாய்க்கிழமைதான்."

செவ்வாய்க்கிழமை சந்தை கிடையாது. பட்டாணிக் கடை சாத்தியிருக்கும்.

"ரொம்ப நன்றி கண்ணு" என்றாள் தெல்மா.

"அப்புறம், வீட்டுல ஆளைப் பாத்துக்கறவங்களுக்குன்னு நூலகத்துல ஒரு கூட்டம் வைக்கறோம். டீ, பிஸ்கட், மனசு விட்டுப் பேசலாம். நீங்க கண்டிப்பா வரணும்."

"என்னைக்கு?"

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம். "வியாழக்கிழமை" என்றாள் நஸ்ரீன்.

செவ்வாய்தோறும் டெஸ்மண்ட் தன் காரில் எர்னியை ஏற்றிக்கொண்டு மலையேறினான், பின்சீட்டில் துணைக்குப் பெரில். பஸ் மட்டும் செவ்வாயும் ஓடியது, தெல்மா மாடியில் தூங்கினாள். போகப்போகப் பெரில் முன்சீட்டுக்கு மாறினாள். அந்தச் சின்ன வார்த்தையை யார் முதலில் சொன்னார்கள் என்பதில் இன்னும் இரண்டு கட்சி உண்டு. வசந்தத்தில் கல்யாணம். எர்னி மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கைகுலுக்கினான். கேக்கைத் தெல்மா சுட்டாள், ஈரமாகவே இருந்தது. அதன்பின் கடற்கரை ஊரில் மாடிப்படி இல்லாத ஒரு சின்ன வீட்டுக்குப் பெரிலும் டெஸ்மண்டும் குடிபோய்விட்டார்கள். பெரிலுக்கு முட்டி தாங்கவில்லை. படி தேய்த்ததில் போன முட்டி. மாதம் ஒரு அஞ்சலட்டை வரும், எல்லாவற்றிலும் அதே கடல்.

கார் போனதோடு செவ்வாய்க்கிழமையும் மெல்ல மெல்லப் போனது.

அந்த இலையுதிர் காலத்தில், திருட்டு நடக்கிறது என்று கவுன்சில் பின்சந்துக்கு இரும்புக் கதவு போட்டு ஆளுக்கொரு சாவி கொடுத்தது. ஒரு சாயங்காலம் நல்ல மழை. தெல்மா வழக்கம்போல முன்வாசலில் கிளம்பி, தெருக்கோடி சுற்றி, இரும்புக் கதவுக்கு வந்தபிறகுதான் சாவி ஏப்ரன் பையில், ஏப்ரன் ஆணியில் என்று நினைவுக்கு வந்தது. தட்டினாள். கேட்க ஆளில்லை, இரண்டு பக்கமும் புதிதாக வந்தவர்கள், வேலையிலிருந்து திரும்பவில்லை. நனைந்துகொண்டே திரும்பி வந்து, தன் வீட்டு முன்கதவைத் தானே தட்டினாள்.

எர்னி திறந்தான். முதுகை நிமிர்த்திக்கொண்டான்.

"எதையாவது மறந்துட்டுப் போனீங்களா? உள்ள வாங்க, இப்படி நனையலாமா?"

நல்ல நாற்காலியில் உட்காரவைத்தான். அலமாரியிலிருந்து விருந்தாளிக் கோப்பையை எடுத்து, மேஜையில் ஆறிப்போயிருந்த தேநீரை ஊற்றி, பால் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுக் கலந்து கொடுத்தான்.

"உங்க வீட்டுக்காரர் தேட மாட்டாரா?"

"கொஞ்சம் தேடட்டும்" என்றாள் தெல்மா.

கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அவசரமே இல்லாமல், கடைசி மிடறுவரைக்கும் குடித்தாள். அவன் எதிரே உட்கார்ந்து, பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஆண்டு நஸ்ரீன் பிராட்ஃபோர்டில் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு, வேலையையும் விட்டுவிட்டுப் போனாள். ஆற்றங்கரை மையத்தில் இப்போது உடற்பயிற்சிக் கூடம். தெருவின் கீழ்க்கோடி வீட்டு ஆட்கள் மகனோடு இருக்க ஸ்பெயின் போனார்கள், மேல்கோடி வீடு விற்பனைக்கு நிற்கிறது. படி தேய்க்கிறவர்களும் திரை விலக்கிப் பார்க்கிறவர்களும் தெருவில் அநேகமாக இல்லை. கவுன்சிலின் அந்த முதல் கோப்பில் மட்டும், திரைக்குப் பின்னால் நின்று பார்த்த நாங்கள் எல்லோரும் இன்னும் ஹோல்ம் தெருவில்தான் குடியிருக்கிறோம், எர்னியின்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு.